தீவைச் சுற்றி வளையும் பாதை

கண்டி மாநகரின் தெற்கே எழுந்து நிற்கும் ஹந்தானை மலைச் சாரலில் ஏறி நின்று வடதிசையை நோக்குவோர்க்கு, மகாவலி கங்கையின் வளைவும் அதற்கப்பால் மாத்தளைப் பக்கத்து மலைகளும் தென்படும். அம்மலைகளுக்கும் அப்பால், கண்ணுக்கெட்டாத் தொலைவில், ஏறத்தாழ 700 கி.மீ. வடக்கே, ஆந்திர மாநிலத்தின் கடலோரத்தில் ஸ்ரீஹரிகோட்டா என்னும் சிறு தீவு இருக்கின்றது. இந்தியாவின் பெரிய ரொக்கெற்றுகள் யாவும் அத்தீவிலிருந்தே விண்ணுக்கு ஏவப்படுகின்றன.

தேசப்படத்தை விரித்துப் பார்க்கும் மாணவன் ஓர் உண்மையைக் கண்டு வியப்படைவான். ஸ்ரீஹரிகோட்டாவின் நெடுங்கோடு கிழக்கு 80.2 பாகை, கண்டியின் நெடுங்கோடு 80.6 பாகை. அங்கிருந்து நேர் தெற்கே ஒரு கோடு கீறினால், அது பருத்தித்துறையிற் கரையேறி, அநுராதபுரம், குருணாகல், கேகாலை ஆகிய நகரங்களுக்குச் சற்று மேற்கே ஓடி, காலியிற் கடலில் இறங்கும். கண்டி நகரத்துக்கும் அக்கோட்டுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 45 கி.மீ. மாத்திரமே. துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றிவரும் செய்மதிகளைத் தெற்கு நோக்கியே ஏவுதல் வேண்டும். அவ்வாறாயின், அந்த ரொக்கெற்றுகள் எமது கூரைகளின் மேலாகவன்றோ பறத்தல் வேண்டும்?

அவை அவ்வாறு பறப்பதில்லை. துருவப் பாதைக்கு ஏவப்படும் இந்திய ரொக்கெற் முதலில் தென்கிழக்கே வங்கக் கடலின் மேற் சென்று, இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் எட்டத்திலே உடலைத் திருப்பித் தெற்கு நோக்கி வளைகின்றது. நாயின் பின்னங்கால்போல் முறிந்து வளைவதனால் விஞ்ஞானிகள் இதனை 'நாய்க்கால் வளைவு' என்பர். இவ்வளைவுக்காக எரிபொருள் வீணாகின்றது. ஏற்றிச் செல்லத்தக்க செய்மதியின் எடையும் குறைகின்றது. இருந்தும் வளைகின்றது. இவ்வளைவை முதலில் எழுதியது வானமன்று. கணினிக்குள் அமைந்த ஒரு மாதிரி. அம்மாதிரிக்குள் எமது தீவும் இருக்கின்றது. அதில் வாழும் மக்களும் எண்களாக இருக்கின்றனர். அம்மாதிரி எவ்வாறு தோன்றியது, யார் அதற்குள் எண்ணப்பட்டனர், யார் எண்ணப்படாது விடப்பட்டனர் என்பவற்றை ஆராய்வதே எமது நோக்கம்.

ஏவுதல் என்னும் செயலின் தன்மையை முதலில் அறிதல் நன்று. ஒரு ரொக்கெற் மண்ணை விட்டெழுந்து செய்மதியைப் பாதையில் விடுவதற்கு இருபது நிமிடங்களே போதும். பாலம் கட்டுவோன் ஒரு தூணைக் கட்டிப் பார்த்து, தவறாயின் இடித்துக் கட்டலாம். ரொக்கெற் விடுவோனுக்கு அவ்வசதி இல்லை. ஆதலால் அவன் உண்மையான ரொக்கெற்றை ஒரு தடவை விடுவதற்கு முன்னர், இல்லாத ரொக்கெற்றை ஆயிரம் தடவை விட்டுப் பார்க்கின்றான். காற்றின் வேகம், எரிபொருளின் எடை, தாங்கியின் நடுக்கம், ஒவ்வொரு கட்டமும் கழன்று விழும் கணம் ஆகிய யாவற்றையும் எண்களாக்கிக் கணினிக்குக் கொடுத்து, அவற்றைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் விளைவு யாதெனப் பார்க்கின்றான். நாடகம் அரங்கேறுமுன் நடக்கும் ஒத்திகை போன்றதே இதுவும். இதற்கு மெய்நிகர் ஒத்திகை எனப் பெயரிடலாம்.

இந்த ஒத்திகையின் பிறப்பிடம் மகிழ்ச்சிக்குரியதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜேர்மனியின் பீனமுண்டே என்னுமிடத்தில், நாசி அரசின் ஏவலில் வி-2 ரொக்கெற் ஆக்கப்பட்டது. அங்கு பணியாற்றிய ஹெல்முட் ஹோல்சர் என்னும் பொறியியலாளர், ரொக்கெற்றின் அசைவுகளை மின்சுற்றுகளிலே நடித்துக் காட்டும் கருவியொன்றை 1941ஆம் ஆண்டளவில் அமைத்தார். ரொக்கெற் சாய்ந்தால் மின்னழுத்தம் மாறும். அதைத் திருத்தும் கட்டளை சரியா பிழையா என்பதை மேசைமீதே கண்டுகொள்ளலாம். வானத்திற் பறக்க வேண்டியது மேசைக்கு இறங்கிவந்தது. 1942ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள் வி-2 முதன்முறையாக வெற்றியுடன் பறந்தது.

அந்த ரொக்கெற்றுகளைப் பின்னர் உற்பத்தி செய்தவர் யார்? மலைக்குள் குடைந்த சுரங்கத் தொழிற்சாலையில், மிற்றெல்பௌ-டோரா வதைமுகாமின் கைதிகள். அம்முகாமுக்குக் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 60,000 பேர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர் என்றும் சரித்திரவியலார் கணிக்கின்றனர். ஹோல்சரின் மின்சுற்றிலே காற்றுக்கு இடம் இருந்தது. ஈர்ப்புக்கு இடம் இருந்தது. சுரங்கத்திற் பட்டினி கிடந்தவனுக்கு இடம் இருக்கவில்லை. முதல் மாதிரியிலேயே இந்தக் குறை பிறந்துவிட்டது.

போர் முடிந்த பின்னர் அமெரிக்காவில் இவ்வித்தை வேறோர் உருப்பெற்றது. பீரங்கிக் குண்டுகள் விழுமிடத்தைக் கணிக்கும் அட்டவணைகளுக்காகவே கட்டப்பட்ட 'எனியாக்' என்னும் மின்னணுக் கணினி 1946ஆம் ஆண்டு பெப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்டது. அதனை இயக்கும் ஆணைகளை வகுத்தவர்கள் ஆறு பெண் கணிதவியலாளர். அவர்களுடைய பெயர்களைப் பல தசாப்தங்களாக உலகம் கேட்கவில்லை. அணுகுண்டு ஆய்வோடு தொடர்புற்றிருந்த ஸ்தானிஸ்லாவ் உலாம், ஜோன் வொன் நொய்மன் என்போர் அக்காலத்திலேயே, சூதாட்டத்தின் பெயரைக் கொண்ட 'மொன்ரே கார்லோ' முறையை உருவாக்கினர். நிகழக்கூடியவை எண்ணற்றவையாயின், பகடை உருட்டுவதுபோல் அவற்றிற் பல்லாயிரத்தைத் தற்செயலாய்த் தெரிந்து கணித்துப் பார்த்து, எது அடிக்கடி நிகழும், எது அரிதாய் நிகழும் என அறிவதே அம்முறை. இன்று ஒரு ரொக்கெற் வெடித்தால் அதன் துண்டுகள் எங்கெங்கு விழும் என்னும் கேள்விக்கு விடை காண்பது இம்முறையாலேயே.

கருவியைப் போலவே மனிதரையும் ஒத்திகைக்கு உட்படுத்தியமை அப்பல்லோ காலத்தின் சாதனை எனலாம். சந்திரனில் மனிதர் இறங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், 1969 ஜூலைத் தொடக்கத்தில், ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் ஒரு பயிற்சி நடந்தது. பயிற்சியாளர் வேண்டுமென்றே கணினியில் ஓர் அபாய அறிவிப்பை எழுப்பினர். வழிகாட்டல் அலுவலர் ஸ்ரீவ் பேல்ஸ் அதன் பொருளறியாது, இறங்குவதைக் கைவிடுமாறு பணித்தார். பயிற்சி முடிந்ததும், அவர் அவ்வாறு பணித்தது தவறென எடுத்துரைக்கப்பட்டது. அதன் பின்னர் அவ்வகை அறிவிப்புகள் யாவற்றுக்கும் பொருள் எழுதிய பட்டியல் ஒன்று ஆக்கப்பட்டது. ஜூலை 20ஆம் நாள் உண்மையாகவே சந்திரனை நோக்கி இறங்குகையில் அதேபோன்ற அறிவிப்பு எழுந்தது. இம்முறை அவர்கள் கலங்கவில்லை, தொடரலாம் என்றனர், இறங்கினர். பொய்யான ஓர் ஒத்திகையிற் செய்த தவறு, மெய்யான பயணத்தைக் காத்தது. ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமோ? தவறு செய்ய இடமளிக்கும் வகுப்பறையே தவறாத மனிதரை ஆக்குகின்றது.

இனி எமது அயலுக்கு வருவோம். திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்னும் மீனவர் கிராமம், பூமியின் காந்த மத்திய கோட்டுக்கு அண்மையில் இருந்தமையால் ரொக்கெற் ஆய்வுக்குத் தெரிவுசெய்யப்பட்டது. விக்ரம் சாராபாயின் முயற்சியினால், 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், அமெரிக்கா வழங்கிய நைக்-அப்பாச்சி ரொக்கெற் அங்கிருந்து எழுந்தது. அவ்வூர் மரிய மதலேனாள் தேவாலயமே விஞ்ஞானிகளின் அலுவலகமாயிற்று. தாம் தொழுத கோயிலையும் இருந்த நிலத்தையும் விட்டுக்கொடுத்து அகன்றவர்கள் மீனவர்கள். பின்னர் 1969இல் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு தெரிவாயிற்று. அங்கு காட்டையும் கடலையும் நம்பி வாழ்ந்தவர்கள் யானாதி என்னும் பழங்குடியினர். அவர்களும் தம் குடியிருப்புகளை விட்டகல நேர்ந்தது. 1971 ஒக்டோபர் 9ஆம் நாள் அத்தீவிலிருந்து முதலாவது சிறு ரொக்கெற் பறந்தது.

1979ஆம் ஆண்டு ஓகஸ்ற் 10ஆம் நாள், செய்மதியைச் சுமக்கவல்ல முதலாவது இந்திய ரொக்கெற்றாகிய எஸ்.எல்.வி-3 ஏவப்படவிருந்தது. திட்டப் பணிப்பாளர் இராமேசுவரத்து அப்துல் கலாம். இறுதி நேரத்தில், யாவற்றையும் சோதித்துக்கொண்டிருந்த கணினி, 'நிறுத்து' என்றது. கட்டுப்பாட்டுத் தொகுதியிற் கசிவு இருக்கலாமென அறிகுறி. போதிய அளவு திரவம் கையிருப்பில் உண்டு என நிபுணர்கள் கூறினர். கலாம் கணினியின் சொல்லை மீறி ஏவச் செய்தார். ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் ரொக்கெற் வங்கக் கடலில் வீழ்ந்தது. இதனைப் பிற்காலத்தில் அவரே பல மேடைகளில் ஒளிக்காமற் கூறினார். தோல்வியின் பொறுப்பைத் தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர் முன் தாம் ஏற்றதையும், 1980 ஜூலை 18ஆம் நாள் வெற்றி வந்தபோது கலாமையே முன்னிறுத்தியதையும் அவர் மறவாமற் சொல்லுவார். 2023 ஒக்டோபர் 21ஆம் நாள், மனிதரை ஏற்றிச் செல்லும் ககன்யான் திட்டத்தின் சோதனைக் கலம் புறப்படுவதற்கு ஐந்து செக்கன்களே இருக்கையில், கணினி மீண்டும் 'நிறுத்து' என்றது. இம்முறை நிறுத்தினர், காரணத்தைத் தேடித் திருத்தினர், அன்று காலை 10 மணிக்கு ஏவினர், வெற்றி கண்டனர். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு நிறுவனம் பெற்ற முதிர்ச்சியை இவ்விரு நாட்களும் காட்டுகின்றன.

எனினும், மாதிரியை வணங்கும் மூடநம்பிக்கைக்கும் நாம் ஆளாதல் கூடாது. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியன்-5 ரொக்கெற் தன் முதற் பயணத்தில், புறப்பட்டு ஒரு நிமிடமும் ஆகுமுன் சிதறியது. நான்கு ஆய்வுச் செய்மதிகள் அழிந்தன. காரணம் யாது? முன்னைய ஏரியன்-4இற் செவ்வனே இயங்கிய மென்பொருளை அவ்வாறே புதியதற்கும் எடுத்து வைத்தனர். புதிய ரொக்கெற்றின் வேகம் பெரிது; அவ்வேகத்தின் எண், அதற்கென ஒதுக்கிய சிறு கலத்துக்குள் அடங்கவில்லை; வழிகாட்டும் கருவி செயலிழந்தது. விசாரணைக் குழு சுட்டிய குற்றம் எமது கவனத்துக்குரியது: முழுத் தொகுதியின் ஒத்திகையில் அந்த மெய்யான கருவி சேர்க்கப்படவேயில்லை, புதிய பாதையின் எண்களைக் கொண்டு அது சோதிக்கப்படவுமில்லை. இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெற்றும் 1993 செப்ரெம்பர் 20ஆம் நாள் தன் முதற் பயணத்தில், இரண்டாம் கட்டம் பிரியும் வேளையில் எழுந்த குலுக்கத்தாலும் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த பிழையாலும் தோற்றது. மறு ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாளே வென்றது. மாதிரி பொய் சொல்வதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு அது விடை சொல்வதுமில்லை.

பறத்தலைப் பற்றிய ஒத்திகை இவ்வாறு வளர்ந்தது. தரையில் நடக்கும் வேலையைப் பற்றிய ஒத்திகை காலம் பிந்தியே வந்தது. ரொக்கெற்றைப் பாகம் பாகமாய் அடுக்கி, எரிபொருள் நிரப்பி, மேடைக்கு நகர்த்தும் தொழிலாளரே மிகப் பெரிய ஆபத்தின் நடுவில் நிற்பவர்கள். 1960 ஒக்டோபர் 24ஆம் நாள் சோவியத் நாட்டின் பைக்கனூர்த் தளத்தில், எரிபொருள் நிரம்பிய ரொக்கெற்றைச் சுற்றி மனிதர் நின்று அவசரமாய்ப் பழுதுபார்க்கையில், மேற்கட்டம் தானே பற்றிக்கொண்டது. தளபதி நெடலின் உட்படப் பல பத்துப் பேர் எரிந்து மாண்டனர். அவ்வுண்மையை அரசு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மறைத்தது. உழைப்பாளியின் பெயரால் ஆண்ட நாட்டில் நடந்தது என்பதற்காக நாம் இதனைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. அந்நாட்டின்பால் அன்பு கொண்டோரே முதலிற் சொல்லவேண்டும். 2003 ஓகஸ்ற் 22ஆம் நாள் பிரேசிலின் அல்கந்தாராத் தளத்திலும், ஏவுதற்குச் சில நாட்கள் இருக்கையில் ரொக்கெற் தீப்பற்றி 21 தொழில்நுட்பவியலாளர் இறந்தனர்.

இன்று அமெரிக்காவின் கென்னடி விண்வெளி நிலையம் முதலிய இடங்களில், கட்டடம், பாரந்தூக்கி, ரொக்கெற், அதன் பக்கத்தில் நிற்கும் மனிதன் ஆகிய யாவும் கணினித் திரையில் முப்பரிமாண உருவங்களாக ஆக்கப்படுகின்றன. பாரத்தைத் தூக்கும்போது எங்கே இடிக்கும்? ஆணியை முடுக்கும் தொழிலாளியின் கை அவ்விடத்துக்கு எட்டுமா? நச்சுவாயு கசிந்தால் அவன் எவ்வழியால் எத்தனை செக்கனில் வெளியேறுவான்? இவை யாவும் இரும்பு வெட்டப்படுமுன்னரே பார்க்கப்படுகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவிலும், 2005 மே 5ஆம் நாள் முதன்முதலாகப் பயன்பட்ட இரண்டாம் ஏவுமேடை, ரொக்கெற்றை அப்பாலுள்ள கட்டடத்தில் நிறுத்தி அடுக்கி, பின்னர் நகரும் மேடையில் ஏவுமிடத்துக்குக் கொண்டுசெல்லும் முறையில் அமைந்தது. ஏவுமிடத்தில் மனிதர் நிற்கும் நேரத்தை இம்முறை குறைக்கின்றது. டோராவின் சுரங்கத்தில் மறக்கப்பட்ட தொழிலாளி, அறுபது ஆண்டுகளின் பின் மாதிரிக்குள் ஓர் உருவமாகவேனும் நுழைந்துவிட்டான். இது சிறு முன்னேற்றமன்று.

இவ்விடத்தில் நாம் எமது தீவுக்குத் திரும்புவோம். ஏவுதலைத் திட்டமிடுவோர் கணிக்கும் எண்களுள் ஒன்று, 'எதிர்பார்க்கப்படும் உயிர்ச்சேதம்' என்பது. ரொக்கெற் எந்தக் கணத்தில் உடையக்கூடும், உடைந்தால் துண்டுகள் எப்பரப்பில் விழும், அப்பரப்பில் எத்தனை மனிதர் வாழ்கின்றனர் என்பவற்றைப் பெருக்கிக் கூட்டி இவ்வெண்ணைப் பெறுவர். அமெரிக்க விதியின்படி, பொதுமக்களைப் பொறுத்தவரை இது ஓர் ஏவுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றை மீறலாகாது. பாதையின் கீழ்க் கடல் கிடந்தால் எண் சிறுக்கும். ஊர்கள் கிடந்தால் எண் பெருகும். இவ்வகைக் கணக்கின் முன்னே, நேர் தெற்கே கீறிய கோடு தோற்றது; கிழக்கே வளைந்த கோடு வென்றது. பருத்தித்துறை மீனவன் முதல் காலிக் கடற்கரைச் சிறுவன் வரை அனைவரும், தாம் அறியாமலே, ஒரு ரொக்கெற்றைத் திசைதிருப்பியவர்கள்.

இதில் நமது நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு அவர்களுடைய வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இலேயே நிறைவேறியது. பி.எஸ்.எல்.வி. ரொக்கெற் முதன்முதலாகப் பறந்த 1993இல், எமது மலைகளில் நாடற்றவராய் இன்னும் பலர் இருந்தனர். இலங்கையின் வாக்காளர் இடாப்பில் அவர்களுக்கு இடமில்லை. இந்தியாவின் இடாப்பிலும் இடமில்லை. ஆயின் ஏவுதலின் கணக்கு எவரிடமும் பிரசாவுரிமைப் பத்திரம் கேட்பதில்லை. கூரையின் கீழ் ஓர் உயிர் உண்டா என்பது மட்டுமே அதன் கேள்வி. லயன் அறையிற் படுத்திருந்த கொழுந்து பறிக்கும் பெண்ணும், கொழும்பு மாளிகையில் இருந்த சீமானும் அக்கணக்கில் ஒவ்வோர் உயிரே. பாராளுமன்றங்கள் செய்யத் தவறிய ஒன்றை, நீதியுணர்ச்சி எதுவுமில்லாத ஒரு கணக்கு செய்திருக்கின்றது. அரசியல்வாதிகள் நாணத்தக்க செய்தி இது.

கண்டி மண்ணுக்கு மாதிரிகளின் வல்லமை புதிதன்று. 1660இற் சிறைப்பட்டு, 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிற் கண்டி இராச்சியத்தின் படமும் இருந்தது. காட்டாலும் மலையாலும் தன்னை மறைத்துக்கொண்ட இராச்சியம் அன்று தாளில் வெளிப்பட்டது. 1803இல் வந்த ஆங்கிலப் படை அழிந்தது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. அதன்பின் நில அளவையாளர் வந்தனர், வீதி வந்தது, தோட்டங்கள் வந்தன. தோட்டப் படங்களில் ஒவ்வொரு மலையின் ஏக்கரும் குறிக்கப்பட்டது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை நடந்து வருகையில் வழியிலேயே மடிந்தவர்களைக் குறிக்க அப்படங்களில் இடமிருக்கவில்லை. எமது காலத்திலும், 1985இல் திறக்கப்பட்ட 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையின் நீரிற் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அந்நகரத்தின் சிதைவுகள் வெளித்தோன்றுகின்றன. அணை நமக்கு மின்சாரம் தந்தது என்பதை மறுப்போரல்லேம். நீர்மட்டத்தைச் சென்ரிமீற்றர் வரை கணித்த திட்டத்தில், கடையும் கோயிலும் விளையாட்டிடமும் இழந்த மனிதரின் துயருக்கு அளவுகோல் இருந்ததா என்பதே எமது வினா.

இதே வினாவை ஏவுதளங்களைப் பார்த்தும் கேட்டல் வேண்டும். வானிலிருந்து விழக்கூடிய துண்டினின்றும் நம்மைக் காத்த மாதிரி, மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட யானாதியைக் கணக்கெடுக்கவில்லை. அல்கந்தாராவில், அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்த கிலொம்போலா மக்கள் 300க்கு மேற்பட்ட குடும்பத்தினர் 1980களில் தளத்துக்காக அகற்றப்பட்டனர். அவர்கள் பல தசாப்தங்கள் வழக்காடினர்; 2025இல் அமெரிக்கக் கண்ட நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம், பிரேசில் அரசு அவர்களுடைய உரிமைகளை மீறியதெனத் தீர்ப்பளித்தது. ரொக்கெற்றுக்குக் கணக்குச் சொன்னவர்கள் மனிதருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய நாள் வந்தே தீரும் என்பதற்கு அத்தீர்ப்புச் சான்று.

இப்பொழுது தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில், குலசேகரன்பட்டினத்தில், இந்தியாவின் இரண்டாவது செய்மதி ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. இவ்வூர் தெரிவானதற்குக் காரணம் எமது தீவே. அங்கிருந்து தெற்கே கோடு கீறினால், இலங்கையின் மேற்கே திறந்த கடலிலேயே அது செல்லும். நாய்க்கால் வளைவு வேண்டியதில்லை. பெரிய ரொக்கெற் அவ்வளைவின் இழப்பைத் தாங்கும், எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ரொக்கெற்றுக்கு அது பேரிழப்பாகும். விஞ்ஞான நியாயம் முற்றிலும் உண்டு. ஆயின் 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதற்காக எடுக்கப்படுகின்றது. அது பனையும் தேரிமணலும் மீன்பிடித் துறைகளும் உள்ள கரை. ஏவும் நாட்களில் வள்ளங்கள் கடலிலிறங்கலாகாது என்பது எத்தளத்துக்கும் உள்ள விதி. அந்நாட்களின் கூலியைக் கணக்கில் எழுதுவோர் யார்? மன்னாரிலும் புத்தளத்திலும் வலை வீசுவோர்க்கும் எச்சரிக்கை உரிய நேரத்தில், அவர்கள் பேசும் மொழியிற் கிடைக்குமா? இவற்றையும் இன்றே மாதிரிக்குள் எழுதுதல் வேண்டும்.

2015ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், பழைய விண்கலப் பகுதியெனக் கருதப்பட்ட ஒரு துண்டு, இலங்கையின் தென்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் வளிமண்டலத்துட் புகுந்து எரிந்தது. அது விழும் நாளையும் நேரத்தையும் இடத்தையும் விஞ்ஞானிகள் பல நாட்களுக்கு முன்னரே கணித்திருந்தனர். சொன்ன வேளையில், சொன்ன இடத்தில், முற்பகல் 11.48 மணியளவில் அது வந்தது. மனித அறிவின் இப்பெருமையை நாம் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். அதேவேளையில், கணித்தவர் எவரும் எமது நாட்டின் ஆய்வுகூடத்தில் இருந்தவரல்லர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பொறியியலும் கணிதமும் பயிலும் எமது இளைஞர்க்கு, இவ்வகைக் கணக்கைத் தாமே செய்து பார்க்கும் ஆற்றல் இல்லாமலில்லை; கருவியும் வாய்ப்பும் ஆசிரியரும் தோட்டப் பாடசாலை வரை சென்றடையவில்லை என்பதே குறை. பாதையை வரைவோர் வேறு நாட்டினராகவும், பாதையின் கீழ் வாழ்வோர் நாமாகவும் என்றென்றும் இருத்தல் தகுமோ?

ஆதலால், ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தேசப்படத்தை வகுப்பறைச் சுவரில் தொங்கவிடும்போது, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து காலிவரை ஒரு நூலைப் பிடித்துக் காட்டுங்கள். பின் அந்நூலைக் கிழக்கே வளைத்துக் காட்டுங்கள். ஏன் வளைந்தது என்று கேளுங்கள். மாணவர் விடை கண்டபின், இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: இந்தப் படத்தில் இல்லாதவர் யார்? யானாதியின் பெயரையும் தெல்தெனியவின் பெயரையும் தம் பாட்டியின் பெயரையும் அவர்கள் சொல்லக் கற்கும் நாளில், மாதிரிகளை ஆக்கும் பொறுப்பை அவர்கள் கையில் அச்சமின்றி ஒப்படைக்கலாம்.